நெற்றியில் கறுக்கும் குங்குமம்

பல ஆண்டுகள் பழகிய பொட்டும் தலைச்சாயமும் ஒரு நாள் தோலுக்குப் பகையாகின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஆனால் பொட்டை எடுக்க மனம் வராத பெண்களும் பெயர் ஒட்டாத பொட்டலங்களும் நோயை வளர்க்கின்றனர்.

ஐப்பசி முடியும் நேரம். கல்பாத்தி அக்ரகாரத்தில் விஸ்வநாதர் தேர் நகரத் தொடங்கிவிட்டால் பாலக்காட்டில் அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. மந்தக்கரை கணபதி, பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் கணபதி கோயில்களின் தேர்களும் வந்து சேர, கூட்டம் வீட்டுத் திண்ணைகள் வரை ஏறி நிற்கும். தேரைப் போலவே கூட்டத்தை இழுப்பவை கடைகள். வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள், மெஹந்தி கோன்கள், தட்டில் கூம்பாகக் குவித்த குங்குமம். அரக்கு, ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, மெரூன் என்று நிறத்துக்கொரு கூம்பு. கேட்ட அளவை அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார் கடைக்காரர். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

குங்குமத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மஞ்சளில் செய்தது, மங்கலமானது, பாட்டி காலத்திலிருந்து வைத்துக்கொள்வது. இந்த நம்பிக்கையே தோல் மருத்துவர்களுக்குப் பெரிய தலைவலி. நெற்றியின் நடுவில் முதலில் லேசான அரிப்பு. பிறகு சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். சில மாதங்களில் பொட்டு வைக்கும் இடத்தைச் சுற்றிக் கரி பூசியது போன்ற ஒரு வட்டம். வகிட்டில் குங்குமம் வைப்பவர்களுக்கு முடி பிரியும் இடத்திலும் அதே கறுப்பு. 'மங்கு' என்பார் ஒருவர், வெயில் என்பார் இன்னொருவர், பித்தம் என்பார் வேறொருவர். குங்குமத்தின் மீது சந்தேகம் போவது கடைசியில்தான்.

மருத்துவ உலகில் இதற்கு 'குங்குமத் தோலழற்சி' என்று தனிப் பெயரே உண்டு. 1986-ல் சிங்கப்பூரின் கோ, ஜப்பானின் கொசூகா என்ற இரு மருத்துவர்கள் குங்குமத்தால் நெற்றி கறுப்பதைப் பற்றி எழுதினார்கள். 2007-ல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களான அமியா குமார் நாத், தேவிந்தர் மோகன் தப்பா இருவரும் குங்குமத்தால் பாதிக்கப்பட்ட 46 பேரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். குங்குமம் புழங்கும் ஊரிலெல்லாம் இந்த நோயும் இருக்கிறது. கல்பாத்தி அதற்கு விலக்காக இருக்க முடியாது.

மஞ்சள் போனது, சாயம் வந்தது

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் தண்ணீர் சிவப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். பழைய குங்குமத்தின் அடிப்படையும் இத்தகையதே. மஞ்சள் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் சேர்த்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசறி எடுப்பார்கள். நிறம் கொஞ்சம் மங்கல்தான். வேலையோ பல நாள்.

சந்தைக்கு இந்தப் பொறுமை கிடையாது. மலிவான மாவில் செயற்கைச் சாயத்தைக் கலந்தால் ஒரே நாளில் மூட்டை மூட்டையாகக் குங்குமம் தயார். கடைக் குங்குமங்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் அகப்பட்டவை நீண்ட பட்டியல்: பிரில்லியன்ட் லேக் ரெட், சூடான்-1, அமினோ அசோபென்சீன், டொலுயிடின் ரெட், எரித்ரோசின். இவை சாயங்கள். வாசனைக்குக் கனங்கா எண்ணெய், ஒட்டுவதற்குக் கடலை எண்ணெயும் பிசினும், கெடாமலிருக்கப் பாரபென்கள். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு கலவை. இந்த வாரம் வாங்கியதும் அடுத்த வாரம் வாங்குவதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இவற்றில் பிரில்லியன்ட் லேக் ரெட்டுக்கும் சூடான்-1-க்கும் ஒரு பழைய கதை உண்டு. 1960களிலும் 70களிலும் ஜப்பானில் ஏராளமான பெண்களுக்கு முகம் கறுக்கத் தொடங்கியது. மறைப்பதற்காக மேலும் பவுடர் பூசினார்கள். முகம் மேலும் கறுத்தது. நாகாயாமா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு மூலப்பொருளாகச் சோதித்து, சிவப்புச் சாயத்தில் அசுத்தமாகக் கலந்திருந்த சூடான்-1-ஐ முக்கியக் குற்றவாளிகளில் ஒன்றாக அடையாளம் காட்டினார்கள். 70களின் பிற்பகுதியில் பெரிய கம்பெனிகள் இத்தகைய பொருட்களை விலக்கியதும் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். எந்தப் பொருள் என்று தெரிந்தால் நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மஞ்சளுக்கும் முழு விடுதலை கிடையாது. அபூர்வமாகச் சிலருக்கு மஞ்சளே ஒத்துக்கொள்வதில்லை. சந்தனத்துக்கும் அப்படியே. 'இயற்கை' என்ற சொல் தோலுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. ஆனால் மஞ்சள் என்று நினைத்துச் சாயத்தை வாங்குகிறவர் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போகிறது.

நினைவில் வைத்திருந்து பழிவாங்கும்

"பத்து வருஷமா இதே குங்குமம்தானே வெச்சிண்டிருக்கேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்காத நோயாளி குறைவு. கேள்வி நியாயமானது. பதில் ஒவ்வாமையின் சுபாவத்தில் இருக்கிறது.

சோப்புத் தூளில் நாள் முழுவதும் கை நனைந்தால் யாருக்கும் கை எரியும். அது எரிச்சல். ஒவ்வாமை வேறு ரகம். அது ஆளைப் பார்த்து வருகிறது. சாயத்தின் மிக நுண்ணிய மூலக்கூறுகள் தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் இருக்கும் செல்கள் இதை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சொல்கின்றன. அங்கே அந்தப் பொருளை மட்டும் அடையாளம் காணும் 'டி' செல்கள் உருவாகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வாரமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம். வெளியே எதுவும் தெரியாது. ஏற்பாடு முடிந்தபின் அதே பொருள் தோலில் பட்டால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம். அந்த நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை.

இதனால் இரண்டு குழப்பங்கள். முதலாவது, 'புதிதாக என்ன போட்டோம்' என்று தேடுவது பயனற்றதாகிவிடுகிறது. பழகிய பொருளே காரணமாக இருக்கலாம். இரண்டாவது, திங்கட்கிழமை பட்ட பொருளுக்குப் புதன்கிழமை அரிக்கும்போது, புதன்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மீது பழி விழுகிறது.

நம் தோலின் நிறம் மூன்றாவது குழப்பத்தைக் கொண்டுவருகிறது. வெளுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். மாநிறத் தோலில் சிவப்பு பல சமயம் கண்ணில் படுவதே இல்லை. நேராகக் கறுப்புதான் தெரியும். அரிப்பும் குறைவாக இருந்தால் அது நோய் என்றே தோன்றாது. பங்குனி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் நெற்றி வியர்க்காத நேரம் குறைவு. வியர்வையில் குங்குமம் கரைந்து புருவம் வரை வழிகிறது.

பொட்டுக்குக் கீழே வெள்ளை

குங்குமத்தைக் கைவிட்டு ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறியவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. கறுப்புக்குப் பதிலாக வெள்ளை. பொட்டை எடுத்தால் அதே அளவில், அதே வட்டத்தில் தோல் நிறமிழந்திருக்கும். வெண்குஷ்டம் என்று வீடே பதறும்.

அலகாபாத்தில் தோல் மருத்துவர் ஏ.கே. பஜாஜும் அவருடைய சகாக்களும் 1983-லேயே இதை எழுதினார்கள். 1990-ல் காரணத்தையும் வெளியிட்டார்கள். பொட்டின் பின்புறப் பசையில் உள்ள பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் என்ற ரசாயனம் தோலுக்கு நிறம் தரும் செல்களைக் கொல்கிறது. இது தொற்றுநோய் அல்ல. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி தோன்றினால் அந்த வீட்டில் யாரும் ரசாயனத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

கொல்கத்தாவில் ரசாயனங்களால் தோல் வெளுத்த 864 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட அறிக்கை நிலைமையின் அளவைக் காட்டுகிறது. முதலிடம் தலைச்சாயத்துக்கு, 27.4 சதவிகிதம். அடுத்து சென்ட், டியோடரன்ட் வகைகள், 21.6 சதவிகிதம். ஸ்டிக்கர் பொட்டுக்கு 12 சதவிகிதம். ஆரம்பத்திலேயே பொட்டை நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. வெள்ளையை மறைக்க இன்னும் பெரிய பொட்டாகத் தேடி ஒட்டினால் வட்டமும் பெரிதாகும்.

தலையில் பூசினால் கண் வீங்கும்

அக்ரகாரத்து ஆண்கள் இதைப் பெண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நரையை மறைக்கும் சாயத்தில் ஆண், பெண் பேதம் இல்லை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி பி.பி.டி. எனப்படும் பாராஃபெனிலின்டயமின். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ம் ஆண்டின் 'முக்கிய ஒவ்வாமைப் பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது.

இது செய்யும் வேலை விசித்திரமானது. சாயம் பூசுவது தலையில். ஆனால் தலைத் தோல் கெட்டியானது, பல சமயம் தாங்கிக்கொள்ளும். மெல்லிய தோல் உள்ள இமைகளும் காதுகளும் கழுத்தும் வீங்கும். காலையில் கண் திறக்க முடியாமல் எழுந்திருப்பவர் முதலில் ஓடுவது கண் டாக்டரிடம். இரண்டு நாள் முன்பு தலைக்கு 'டை' அடித்ததைச் சொல்லத் தோன்றாது. நகப்பூச்சிலும் இதே விளையாட்டு உண்டு. நகம் நன்றாக இருக்கும். அந்த விரல் தொட்ட இமையும் கழுத்தும் தடித்திருக்கும்.

கண் விஷயத்தில் பி.பி.டி.யின் சரித்திரம் பயங்கரமானது. 1930களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. பூசிக்கொண்ட பெண்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். ஓர் உயிரும் போயிற்று. 1938-ல் அமெரிக்கா அழகுசாதனப் பொருட்களைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டுத் தலைச்சாயப் பெட்டிகளில் 'புருவத்திலோ இமையிலோ பூசாதீர்கள், பார்வை போகலாம்' என்ற எச்சரிக்கை இருப்பது சும்மா இல்லை. புருவ நரைக்கும் அதே பிரஷ்ஷைத் தொட்டு வைப்பவர்கள் அதைப் படிப்பதில்லை.

மருதாணிக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதி அடைகிறவர்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அரைத்த மருதாணி இலை ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை சிவக்கும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் இலை மட்டுமே இருக்க வழியில்லை. அதில் சேர்ப்பதும் பெரும்பாலும் பி.பி.டி.யே. திருவிழாவில் குழந்தையின் கையில் போட்ட கறுப்பு மெஹந்தி, இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தை முதல் நரைக்குச் சாயம் பூசும்போது முகத்தை வீங்க வைக்கலாம். உடல் மறப்பதில்லை.

கறுப்பைப் போக்கப் போய்

நோயைவிட மோசமாக முடிவது சில சமயம் சுயவைத்தியம். நெற்றி கறுத்ததும் மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்குகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்தால் ஒரு வாரத்தில் அரிப்பு நின்று முகம் பளிச்சென்று ஆகும். குங்குமமும் தொடரும், களிம்பும் தொடரும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் மீசை முடியும் கிளம்பும். களிம்பை நிறுத்தினால் முகம் எரியும். மத்திய அரசு 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது இதனால்தான்.

சிவப்பழகு க்ரீம்களின் கதை இன்னும் ஆபத்து. பாலக்காட்டை ஒட்டியிருக்கும் மலப்புரம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரு உட்பிரிவு நோய் இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் விழுந்தது க்ரீமில் இருந்த பாதரசத்தின் மீது. அழகுசாதனத்தில் எதேச்சையாகக் கலக்கும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது இந்திய விதி. கண்ணுக்குரியவற்றுக்கு மட்டும் வேறு வரம்பு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்ய' என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது.

முதுகு சொல்லும் சாட்சி

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி நூற்றாண்டுக்கு மேல் பழையது. 1895-ல் யோசப் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் காட்டிய 'பேட்ச் டெஸ்ட்'. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்ப்பார்கள். எந்தக் கிண்ணத்துக்குக் கீழே தோல் தடித்திருக்கிறதோ அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பதும் கிடையாது. அந்த நாட்களில் முதுகு நனையக் குளிக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

இந்தியாவில் இந்தச் சோதனையைப் பரப்பியவர்களில் முன்னோடி டில்லி எய்ம்ஸின் ஜே.எஸ். பஸ்ரிச்சா. இந்தியர்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாத பொருட்களைச் சேர்த்து 'இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரிஸ்' என்ற தொகுப்பே இருக்கிறது. மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. சோதனைக்குப் போகிறவர் கையில் எடுத்துப் போக வேண்டியவை: குங்குமச் சிமிழ், பொட்டு அட்டை, க்ரீம், டை பெட்டி. எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு நெற்றியை மட்டும் காட்டினால் டாக்டர் ஊகிக்கத்தான் முடியும்.

சட்டம் எட்டாத பொட்டலம்

சட்டம் இல்லாமல் இல்லை. குங்குமப் பொடிக்கு ஐ.எஸ். 10999 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி பெட்டியில் உட்பொருட்களை எழுத வேண்டும். சாயங்களில் ஈயமும் ஆர்செனிக்கும் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஐரோப்பாவில் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் தனித்தனியாக எழுத வேண்டும் என்ற விதி 2005-லேயே வந்துவிட்டது. 2023-ல் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

ஆனால் லேபிள் ஒட்டப் பெட்டி வேண்டும். தேர்க்கடையில் கூம்பாகக் குவித்த குங்குமத்துக்குப் பெட்டி ஏது? நவராத்திரிக் கொலுவுக்குப் போனால் பத்து வீட்டுத் தாம்பூலத்தில் பத்துப் பொட்டலம் வரும். எல்லாம் ஒரே சிமிழில் கொட்டப்படும். பேட்ச் டெஸ்டில் ஒரு சாயத்தின் பெயர் தெரிந்தாலும், அது எந்தப் பொட்டலத்தில் இல்லை என்று சொல்ல யாருமில்லை. நோயாளிக்குக் கிடைக்கும் அறிவு கடைவாசலில் பயனற்றுப் போகிறது. மொத்தமாகத் தயாரிக்கும் இடத்தில் சாயத்தைக் கட்டுப்படுத்துவதும், சில்லறையாக விற்கும் இடத்தில் தயாரிப்பாளரின் பெயரும் கலவையும் தெரியச் செய்வதும் அதிகாரிகள் செய்ய வேண்டியவை. கோயில் வாசல்களில் விற்கும் குங்குமத்தில் அதைத் தொடங்கலாம்.

சட்டத்தைவிடக் கடினமானது வழக்கம். 'ஆறு மாதம் பொட்டு வேண்டாம்' என்று சொல்வது டாக்டருக்கு ஒரு வரி. சுமங்கலிப் பெண்ணுக்கு அது சாதாரண வார்த்தை அல்ல. வெறும் நெற்றியோடு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பார்ப்பார்கள். மாமியாரோ அம்மாவோ மனம் சங்கடப்படுவார்கள். ஆகவே டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்து கொஞ்சமாக, ஒரு துளி மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வாமைக்கு ஒரு துளி போதும். கறுப்பு நிற்கிறது. அதை மறைக்கப் பொட்டின் அளவு கூடுகிறது.

அனுபவமுள்ள மருத்துவர்கள் பெண்ணோடு வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பொட்டு வைப்பதில் தவறில்லை, அதில் உள்ள சாயம்தான் எதிரி என்று புரிந்தால் வழிகள் தோன்றும். வீட்டில் மஞ்சளில் செய்த குங்குமத்தை முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒன்றிரண்டு வாரம் தடவிப் பார்த்து, அரிக்கவில்லை என்றால், நெற்றி ஆறியபின் டாக்டரின் சம்மதத்தோடு வைத்துப் பார்க்கலாம். வாசனையோ பளபளப்போ சேர்க்கக் கூடாது. கொலுவில் வாங்கிய குங்குமத்தை சுவாமி படத்துக்கு வைக்கலாம். தலைச்சாயம் பூசுகிறவர்கள் பெட்டியில் சொல்லியபடி காதுக்குப் பின்னாலோ முன்கையிலோ சிறிது தடவி 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். முதல் தடவை மட்டும் அல்ல, ஒவ்வொரு தடவையும். ஒரு முறை முகம் வீங்கியவர் பிராண்டை மாற்றிப் பயனில்லை. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது அநேகமாக அதே பி.பி.டி.

காரணம் விலகிவிட்டால் அரிப்பு சில வாரங்களில் அடங்கும். கறுப்பு போக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் குறையும். தேய்ப்பதும் எலுமிச்சை பூசுவதும் நாள் கணக்கைக் கூட்டும். முதல் அரிப்பிலேயே டாக்டரிடம் போகிறவர் சில மாதம் பொட்டில்லாமல் இருக்க வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் மறைத்து வைத்தவருக்கோ கறுப்பு முழுதாகப் போகாமலே நின்றுவிடலாம்.